இரண்டு பேட்டரிகள்

செவ்வாய், வியாழன், சனி.
ஐந்து நாற்காலிகள், ஐந்து இயந்திரங்கள்,
சுவரில் ஒரே ஒரு தொலைக்காட்சி.
சுவாவ்கி மருத்துவமனையின் இரண்டாம் மாடியில்
என் இரத்தம் என்னைவிட்டு வெளியே போய்
நான்கு மணி நேரம் சுற்றிவிட்டு
சற்றே குளிர்ந்து திரும்பி வருகிறது.

ரிமோட் போகுமிவா அம்மாளிடம் இருக்கும்.
கிருமி அண்டாதிருக்க அதற்கும் ஒரு பிளாஸ்டிக் உறை.

காலைச் செய்தியில் அவன் வருவான்.
ஏதோ ஓர் ஊர்வலம், ஏதோ ஒரு கோடை,
முதுகில் இளஞ்சிவப்பு இறகுகள்,
கேமராவைப் பார்த்து நாக்கை நீட்டுகிறான்.
மூன்று விநாடி.
சட்டம் என்றாலும் அவன்தான்,
பள்ளிக்கூடம் என்றாலும் அவன்தான்,
பிள்ளைப்பேறு குறைந்துவிட்டது என்றாலும்
அதே நாக்கு, அதே இறகு.
ஆறு வருடமாக அவனுக்கு வயதே ஏறவில்லை.
எங்களுக்குத்தான் ஏறுகிறது;
லெஷெக்கின் நாற்காலியில் இப்போது வேறொருவர்.

தக்காளி கூடாது, வாழைப்பழம் கூடாது,
உருளைக்கிழங்கை இரவெல்லாம் ஊறப்போட்டு
அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும்.
வாய்வழி போவதற்கெல்லாம்
பட்டியல் அச்சடித்துத் தந்திருக்கிறார்கள்.

"நம்ம ஊருக்கும் வந்துடுவானுங்க" என்பார் போகுமிவா.
நாங்கள் தலையாட்டுவோம்.
குழாய் மாட்டிய கையோடு
அதற்குமேல் அசைய முடியாது என்று
வைத்துக்கொள்ளுங்கள்.
இல்லை, பொய்.
என் மகள் கல்யாண விருந்தில்
அவர்களைப் பற்றி ஒரு ஜோக் சொன்னவன் நான்.
நன்றாகச் சிரித்தார்கள்.

வித்தோல்த் குத்தினால் வலிக்காது.
ஆணி பருமன் ஊசி; இருந்தும் வலிக்காது.
முதலில் என் முழங்கையருகே காதை வைப்பான்,
உள்ளே ஓடும் இரைச்சலைக் கேட்பான்,
"இன்னிக்கு ஆறு நிறையத் தண்ணி" என்பான்.
பதினோரு வருடம் பால் லாரி ஓட்டியபோது
என் எஞ்சினை நானும் அப்படித்தான் கேட்டேன்.

செப்டம்பரில், விக்ரி ஏரிக்கரையில்
புகைபோட்ட மீனுக்கு வரிசையில் நின்றேன்.
எனக்கு முன்னால் மூன்று பேர் தள்ளி அவன்.
பக்கத்தில் ஒருவர், நரைத்த தாடி, சேறு ஒட்டிய பூட்ஸ்.
ஏரியிலிருந்து காற்று.
அந்த மனிதர் மீன்காரியிடம் சில்லறை எண்ணிக்கொண்டே,
திரும்பிப் பார்க்காமலே,
மறுகையால் வித்தோல்த்தின் ஜாக்கெட் ஜிப்பைக்
கழுத்துவரை இழுத்துவிட்டார்.

யாரும் கவனிக்கவில்லை. எனக்குப் புரிந்தது.
சொல்லக் கூச்சமாக இருக்கிறது:
நான் முதலில் தேடியது இறகுகளை.

செவ்வாய்க்கிழமை வந்தது.
ஊசி என் நரம்புக்குள், வித்தோல்த்தின் விரல் அதன்மேல்,
திரையில் இறகுக்காரன், பின்னணியில் ஒரு குரல்
தொற்று, தொற்று என்கிறது.
"தம்பி, காதே கேக்கல, கொஞ்சம் சத்தம் வை.
இந்தப் பாழாப்போன ரிமோட் மக்கர் பண்ணுது."
அவன் பிளாஸ்டர் ஒட்டி முடித்தான்.
கையுறையைக் கழற்றினான்.
நடந்துபோய்ச் சுவர்ப்பெட்டியின் பொத்தானை அழுத்தி
சத்தம் வைத்தான்.
"போதுமாம்மா?" என்று வேறு கேட்டான்.

நான் சாளரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அங்கே ஒன்றும் இல்லை.

அன்று போகுமிவா எடைபார்க்கப் போன நேரத்தில்
நான் செய்த வீரச்செயலைச் சொல்கிறேன்:
ரிமோட்டின் முதுகைத் திறந்து
பேட்டரி இரண்டையும் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.
எழுபத்தோரு வயதில் திருட்டு.
வீட்டில், நின்றுபோயிருந்த சமையலறைக் கடிகாரத்துக்கு
அதில் ஒன்று போதுமானதாக இருந்தது.

வியாழக்கிழமை போகுமிவா புது பேட்டரி கொண்டுவந்தார்,
பேரனின் பொம்மை ரயிலிலிருந்து கழற்றி.
அவருக்கு விரல் நடுக்கம்.
வித்தோல்த்தான் மாட்டிக் கொடுத்தான்,
கூட்டலும் கழித்தலும் சரியாகப் பார்த்து.
உறையையும் மாற்றினான்.

நான்கு மணி நேரம் முடிந்து ஊசியை உருவிய பிறகு
துளையைப் பத்து நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும்.
மற்றவர்கள் தாங்களே பிடித்துக்கொள்வார்கள்.
என் வலக்கை விரல்கள் மடங்காது;
அவன்தான் பிடிப்பான்.
பஞ்சின்மேல் அவன் கட்டைவிரல்.
திரையில் ஏதோ சமையல்.
"மீன் நல்லா இருந்துச்சா?" என்று கேட்டான், மெதுவாக.

பார்த்திருக்கிறான்.

"உப்பு அதிகம்" என்றேன்.
"உங்களுக்கு அது கூடாதே" என்றான்,
கொஞ்சம் அழுத்தினான்.
இன்னும் ஆறு நிமிடம் இருந்தது.